கட்ஆஃப் அண்ணாச்சி சொன்ன தேதி

ஒரு வரிகூட எழுதாமல், ஒரு புத்தகத்தைக்கூட முழுதாய்ப் படிக்காமல், தூத்துக்குடி இலக்கியத்தை ஒற்றை ஆளாய் நடத்திக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவர் உண்டு. அவர் இல்லையென்றாலும் எங்கள் ஊரில் கவிதை இருக்கும், கதை இருக்கும். எல்லாம் மேசை இழுப்பறையில் கரப்பான்பூச்சியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அவர் பெயர் கட்ஆஃப் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஆபீஸ் பலகையில் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்தவர் எவரும் இல்லை.

துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பித் தரும் கிளியரிங் ஏஜென்ட் அவர். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குமேல் வருகிற கண்டெய்னரை வாசலுக்குள் விடமாட்டார்கள். உள்ளே தங்கமே இருந்தாலும் அடுத்த கப்பலுக்குத்தான். அந்தக் கெடுவுக்குத்தான் கட்ஆஃப் என்று பெயர். அண்ணாச்சி பல் துலக்கும்போதுகூட நுரையோடு அந்தச் சொல்தான் வரும் என்பார் அவர் மனைவி லூர்து அக்கா.

அவர் இலக்கியத்துக்குள் வந்ததே ஒரு விபத்து. பீச் ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் அவர் ஆபீஸ் மாடியை, வெண்பா எழுதும் வள்ளிநாயகம் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவியரங்கத்துக்காகக் கேட்டு வாங்கினார். சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்திருந்த நாங்கள் எல்லோரும் சென்னையில் ஒரு சிறுகதைப் போட்டி முந்தின நாள்தான் முடிந்துபோனது என்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து புலம்பிக்கொண்டிருந்தோம். மின்விசிறியை அணைக்க மேலே வந்த அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கத எழுதியாச்சா?"

"எழுதியாச்சு அண்ணாச்சி."

"பொறவு ஏன்லே அனுப்பல?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அழுகப் போகிற சரக்கைப் பார்க்கும் பார்வை அது. "நம்ம ஊர்க்காரனுக்கு எழுத வராதுன்னு எவம்லே சொன்னான்? வருது. அனுப்பத்தான் மாட்டான். இனிமே அந்தச் சோலி எனக்கு" என்றார்.

மறுநாள் விடியும்போதே வாட்ஸ்அப்பில் குரல் வந்துவிட்டது. அண்ணாச்சியின் குரல் கப்பலை இழுத்து வரும் டக் படகின் ஊதலைப் போன்றது; போனைத் தலையணைக்கடியில் வைத்தாலும் தலையணை அதிரும். "ஏலே எழுத்தாளன்மாரே! மதுரையில சிறுகதைப் பட்டறை. சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு. கட்ஆஃப் பத்தாந் தேதி. பதினொண்ணாந் தேதி வந்து எவனாச்சும் எங்கிட்ட மூக்கச் சிந்துனான்னா கால ஒடிச்சிருவேன்!"

அதிலிருந்து ஓயவில்லை. மொழிபெயர்ப்பு வகுப்பு, நாவல் போட்டி, சிற்றிதழ்ச் சிறப்பிதழ், கல்லூரிக் கருத்தரங்கு என்று எது எங்கே நடந்தாலும் அவருக்கு வாசம் வந்துவிடும். மாடியில் வகுப்புகளும் தொடங்கின. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலமாகப் பார்த்துத்தான் பெரிய வகுப்பு வைப்பார். அப்போதுதான் படகுக்காரர்களில் எழுதுகிறவர்களும் வரமுடியும். நாகர்கோவிலில் இருந்து ஒரு கதாசிரியர் வந்து, கதையில் மௌனம் எப்படி வேலை செய்கிறது என்று மிக நீண்ட நேரம் பேசினார். பின்வரிசையில் இருந்து அண்ணாச்சி கை தூக்கினார். ஆஹா, சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நாங்கள் நிமிர்ந்தோம். "சார், ஒங்களுக்கு பஸ் எத்தன மணிக்கு?"

படிக்கமாட்டார். ஆனால் யார் எதைக் காட்டினாலும் "பிரமாதம்!" என்பார். பைபாஸ் எடைமேடை ஆபீசில் உட்கார்ந்து, உப்பு லாரிகளுக்கு நடுவே உரைநடைக் கவிதை எழுதுகிறவன் நான். என் கவிதைத் தாளைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டே "பிரமாதம்லே தம்பி, ஒடனே ஏத்து" என்று சொன்னவர் அவர். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கருவாடு ஏற்றுமதி செய்கிறவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் சரக்கைக் கொண்டுவருவார்கள். அதனால் ஏஜென்ட்கள் கட்ஆஃப் நாளை மூன்று நாள் முன்தள்ளிச் சொல்வது உண்டு. பதறியடித்து ஓடிவந்தால் கப்பல் இன்னும் வந்திருக்காது. அண்ணாச்சி அந்த வித்தையை எங்கள்மீதும் காட்டினார். விளம்பரத்தில் இருக்கும் தேதியைக் கத்தரித்துவிட்டுத்தான் எங்களுக்கு அனுப்புவார். நாங்களும் கண் சிவக்க எழுதி, அவர் சொன்ன நாளில் அனுப்பினோம். கதைகள் அச்சில் வந்தன. வள்ளிநாயகம் சாருக்கு ஒரு பரிசுகூடக் கிடைத்தது.

ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம், "தூத்துக்குடிக்காரர்கள் மட்டும் எப்படி சார் மூன்று நாள் முன்னாலேயே அனுப்புகிறீர்கள்?" என்று வியந்தார். பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

பிறகு என்ன, நாங்களும் கணக்குப் போட ஆரம்பித்தோம். அவர் சொல்கிற தேதியோடு மூன்று. அவர் அதைக் கண்டுபிடித்து ஐந்து நாள் முன்தள்ளினார். நாங்கள் ஐந்தைக் கூட்டினோம். மருமகனை வைத்து விளம்பரப் படத்திலேயே தேதியை மாற்றி அனுப்பிப் பார்த்தார். எழுத்து வடிவம் ஒட்டாமல் இளித்ததில் அதுவும் மாட்டிக்கொண்டது. கடைசியில் இரு தரப்பும் களைத்துப்போய், பேசாமலே ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: மூன்று. நிஜத் தேதியை நாங்களே தேடிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அவர் இருக்கிற ஊரில் அந்த வேலையை யார் மெனக்கெட்டுச் செய்வார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் மலையில் நாவல் முகாம் என்ற செய்தி வந்தது. ஒரு வாரம் தங்கலாம். பெரிய எழுத்தாளர்கள் கூடவே உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துச் சொல்வார்கள். நாவலின் முதல் அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும்.

எங்களில் அந்த வயதுக்குள் இருந்தது ரெஜினா மட்டும்தான். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் கப்பலில். ரத்தம் எடுக்கும் நேரம் போக, போனில் கட்டைவிரலால் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டை மறந்துபோன ஒரு கப்பல் சமையல்காரரைப் பற்றியது. அவளுக்கு வருகிற ஜூனில் நாற்பது. இந்த முறை விட்டால் அந்த வாசல் மூடியதுதான்.

"ஞாயித்துக்கெழம, சாயந்திரம் ஆறு மணி கட்ஆஃப்" என்று அண்ணாச்சியின் குரல் வந்தது. ஆகவே புதன்கிழமை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம். கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவார்கள்: கறி, சிகரெட், டி.வி. சீரியல். எதை விட்டோம் என்று வெளியே தம்பட்டம் அடிக்கக்கூடாது என்பதும் அவர்களிடம் வழக்கம். அண்ணாச்சி வருடா வருடம் கறியை விட்டுவிட்டு, எலும்பு கிடைக்காத நாய்போல முகத்தை வைத்துக்கொண்டு திரிவார். அந்த வருடமும் ஆள் சரியில்லை. வள்ளிநாயகம் சாரின் வெண்பாவைக் கேட்டு, "சார், கொட்டாவி வருது" என்றார். என் புதிய கவிதையை நேராகவே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, லாரி நீளத்துக்கு இருக்கு, உள்ள என்ன சரக்குன்னுதான் தெரியல" என்றார். கறி இல்லாத எரிச்சல் என்று நினைத்து நாங்கள் மன்னித்துவிட்டோம்.

அந்த ஞாயிறு மாலை மாடியில் கூட்டம். வெயில் இறங்கி, பழைய துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து மணி தாண்டியிருக்கும். அண்ணாச்சி உள்ளே வந்ததும் கேட்டார்:

"ஏளா ரெஜினா, அனுப்பிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. புதன்கெழம அனுப்பிருதேன்."

"புதன்கெழமையா? இன்னைக்குளா! ஆறு மணிக்கு!"

மாடியே சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். வள்ளிநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, நடிப்பு இந்த வாட்டி நல்லாருக்கு. வேர்வை எல்லாம் வருது ஒங்களுக்கு" என்றார்.

அண்ணாச்சி போனை நீட்டினார். கத்தரிக்காத விளம்பரம். சார் உற்றுப் பார்த்துவிட்டு, "மருமகப்பிள்ள கைவேல தேறிட்டு. எழுத்து அச்சா பொருந்தி இருக்கே" என்றார்.

"மாதாமேல சத்தியம்!"

"போன வாட்டியும் இதே சத்தியம்தான்" என்றேன் நான்.

அவர் கத்தினார். மேசையைத் தட்டினார். எங்களைக் கோட்டிக்காரப் பயல்கள் என்றார். எவ்வளவு கத்தினாரோ அவ்வளவு சிரித்தோம். பிறகு அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கைகள் இரண்டும் முழங்காலில் கிடந்தன.

"ஏளா ரெஜினா" என்றார். "கப்பல் போகப் போகுதுளா."

மெல்லச் சொன்னார். அப்படியொரு குரல் அந்தத் தொண்டைக்குள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அண்ணாச்சி ஏதோ பெரிதாய் ஒன்றை இழக்கத் துணிந்தவரைப்போல வீட்டுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"லூர்து, நான் எத விட்ருக்கேன்னு ரெஜினாட்ட சொல்லு."

"வெளிய சொல்லப்படாதுன்னு சொன்னீயளே?"

"சொல்லு. தபசுப் பலன் போனாப் போகுது."

லூர்து அக்காவின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "ஏளா, அந்த மனுசன் பொய்ய விட்டுருக்காரு! நீ கறிய விட்டா ஆட்டுக்குத்தான் லாபம், பொய்ய விடுன்னு கோயில் பங்குச்சாமி சொல்லிட்டாரு. அன்னைலருந்து வீட்டுல நிம்மதி போச்சு. எந்தங்கச்சி புதுச்சேல உடுத்திட்டு வந்து நின்னா, சாக்கு கணக்கா இருக்குங்காரு. கல்யாணம் ஆன நாள்லருந்து பிரமாதம் பிரமாதம்னு தின்ன மீன்கொழம்ப, நேத்து புளி தூக்கலா இருக்குங்காரு. ஈஸ்டர் வரட்டும், குசினிப் பக்கம் வந்தாருன்னா இருக்கு!"

நான் என் போனில் முகாமின் பக்கத்தைத் தேடித் திறந்தேன். ஞாயிறு, மாலை ஆறு மணி.

"ஜூன்ல எனக்கு நாப்பது அண்ணாச்சி" என்றாள் ரெஜினா, அவருக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

அதற்குள் அண்ணாச்சிக்கு ஊதல் திரும்பிவிட்டது. "அழுவுறத அப்புறம் வச்சுக்கிடலாம். அத்தியாயம் எங்க?" போனில் இருந்தது. வயதுக்கான அடையாள அட்டையை நான் படம் பிடித்தேன். நாவலின் கதைச் சுருக்கத்தை அவள் சொல்லச் சொல்ல வள்ளிநாயகம் சார் தட்டினார்; பழக்க தோஷத்தில் அதிலும் எதுகை விழுந்தது, அண்ணாச்சி அதட்டியதும் எடுத்தார். எல்லாம் சேர்ந்தது. அனுப்பும் பொத்தானுக்கு மேலே ரெஜினாவின் விரல் அப்படியே நின்றது.

"கடைசிப் பத்தி சரியா வரல. புதன்கெழமைக்குள்ள மாத்தலாம்னு இருந்தேன்."

"கப்பல்ல ஏத்துளா முதல்ல."

"கேக்கேன், உண்மையச் சொல்லுங்க. இப்ப ஒங்களாலதான் சொல்ல முடியும்."

அவள் வாசித்தாள். பல வருடம் கழித்துச் சமையல்காரர் ஊர் திரும்பி, வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மகள் உள்ளே தாழ்ப்பாளில் கைவைத்தபடி நிற்கிறாள். வெங்காயமும் டீசலும் கலந்த அந்த வாடை கதவிடுக்கு வழியே வருகிறது. அவள் திறக்கவில்லை, நகரவும் இல்லை. அதோடு அத்தியாயம் முடிகிறது.

ஆண்டாண்டாய் 'பிரமாதம்' என்று மட்டுமே சொல்லி வந்த வாய், என்ன சொல்வதென்று தெரியாமல் திறந்து மூடியது. மணியைப் பார்க்காமல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மொத ரெண்டு பக்கம் எங்க போகுதுன்னே எனக்கு வெளங்கல" என்றார். ரெஜினாவின் தலை குனிந்தது. "ஆனா அந்தக் கதவு வந்த பொறவு... நானே எந்திரிச்சுப் போயித் திறந்து விட்ருவமான்னு இருந்துச்சுளா."

அவள் அழுத்தினாள். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. செல்போன் கோபுரமெல்லாம் கடலைப் பார்த்து நிற்கிற ஊரில் சிக்னல் மட்டும் ஏன் முதுகைக் காட்டுகிறது என்று நான் மனதுக்குள் ஏசினேன். ரெஜினா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி விளிம்புவரை போனாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். வட்டம் நின்றது. ஆறு அடிப்பதற்குள் பதில் மின்னஞ்சல் வந்துவிட்டது: உங்கள் அத்தியாயம் கிடைத்தது.

உடம்பு முழுக்கக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தோம். ரெஜினா சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். வள்ளிநாயகம் சார் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த டீயை ஊற்றி, முதல் தம்ளரை அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"டீ கேவலமா இருக்கு சார்" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவு இனிப்பான சொல்லை எங்கள் மாடியில் அதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

ஈஸ்டர் முடிந்து ரெஜினா தேர்வான செய்தி வந்தது. அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே போய்க் கத்தி, அங்கே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவரை மயக்கமடைய வைத்தார். அவள் மலைக்குப் போய்விட்டு, முதல் இரண்டு பக்கங்களை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பினாள். இப்போது ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறாள். அண்ணாச்சியும் உயிர்த்தெழுந்துவிட்டார்: மீன்குழம்பு பிரமாதம், வெண்பா பிரமாதம், என் லாரி நீளக் கவிதையும் பிரமாதம். தேதிகளும் பழையபடி மூன்று நாள் முன்னால்தான் வருகின்றன.

மற்றவர்கள் இன்னமும் மூன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். நான் கூட்டுவதில்லை. அவர் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமையே அனுப்பிவிடுகிறேன். அந்த மனுஷன் இன்னொரு முறை அவ்வளவு மெல்லப் பேசுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.