சண்முகராசா அனுப்பிய சப்பாத்து அலுமாரி

லூயிஷாம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனர் சண்முகராசா அவர்களுக்கு,

நானும் உமது அக்கா தவமலரும் மகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். கிங்ஸ்பரியில் நீரும் உமது தளபாடக் கடையும் நலமாக இருக்கக் கடவுள் துணை. மனசு எப்படி என்றால், போனில் சொன்னால் நீர் சிரிக்கிறீர், அதனால்தான் எழுதுகிறேன்.

புதுவீட்டுக்கு நான் உம்மிடம் கேட்டது காலில் போடுகிற சப்பாத்து வைக்க ஒரு தட்டு. நீர் அன்பளிப்பாக அனுப்பியதோ தேக்கில் கையால் செதுக்கிய அலுமாரி. இரட்டைக் கதவு முழுக்கத் தாமரை, மேலே இரண்டு யானை, கரையெல்லாம் பித்தளை மணி. சரி என்று வாசலடியில் வைத்து எங்கள் சப்பாத்துகளை உள்ளே அடுக்கினேன். அன்று பின்னேரம் வடை கொண்டுவந்த பக்கத்து வீட்டு அஜந்தா, அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். "வடிவான சாமி அலுமாரி அக்கா" என்றார். உமது அக்காவும் "ஓம்" என்றுவிட்டார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "கும்பிட்டு முடிச்ச ஆளுக்கு உள்ளுக்க சப்பாத்து எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்கிறார்.

அஜந்தா தன் தாயைக் கூட்டிவந்தார், தாய் கோயில் சிநேகிதிகளைக் கூட்டிவந்தார், பூவும் வாழைப்பழமும் வந்தன, நான் பஸ் ஓட்ட ஷிப்டுக்குக் கிளம்பும்போது அலுமாரிக்கு முன்னால் இருவர் தேவாரம் பாடிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் முன் கதவைத் திறந்து சப்பாத்தை எடுக்க ஏலுமா, வீட்டுச் செருப்போடு டிப்போவுக்குப் போனேன். மேலாளர் ஷெறோன் என் காலைப் பார்த்துக் காரணம் கேட்டாள். என் சப்பாத்தை ஆட்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடு என்று அனுப்பிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நேற்று மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நேரே அலுமாரியடிக்குப் போய், ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தார். மணியெல்லாம் கிணுகிணுத்தன. நடுத்தட்டில் சேறு காய்ந்த என் ரப்பர் பூட்ஸ். உமது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் மாடிக்குப் போய்விட்டாள். சம்பந்தம் இதோடு சரி என்று நினைத்தேன்.

அந்த அம்மா மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"கிங்ஸ்பரிக் கடையிலயோ வாங்கினது?"

"ஓம்" என்றேன்.

"எங்கட வீட்டிலையும் ஒண்டு நிக்குது. வாற ஆக்களெல்லாம் கும்பிடுகினம். உள்ளுக்க இவற்ற விஸ்கிப் போத்தில். அதுதான் திறந்து பாத்தனான்."

அவருடைய கணவர் முகட்டைப் பார்த்தார். தேத்தண்ணி ஆறுமுன் சம்பந்தம் சரிவந்துவிட்டது.

ஆனாலும் என் பொறுமை முடிந்தது. வருகிற சனிக்கிழமை வேனோடு வந்து அந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு போகவும். உமது வியாபாரம் பெருகட்டும், எங்கள் வீட்டுக்கு வெளியே.

இப்படிக்கு,
உமது அத்தான்
செல்வரத்தினம்

பி.கு.: சனிக்கிழமை வர வேண்டாம். நான் இதை எழுதி முடிப்பதற்குள் உமது அக்கா சப்பாத்துகளைக் குப்பைப் பையில் கட்டி, அலுமாரியைத் துடைத்து, பிள்ளையாரை உள்ளே வைத்துவிட்டார். நானும் கும்பிட்டுவிட்டேன், இனி அதை அசைக்க ஏலாது. சப்பாத்துக்கு வேறொன்று அனுப்பும். கண்டவர் ஒருவருக்கும் கும்பிடத் தோன்றாத மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது.