பூசணிக்காய் ஏறாத கார்

ஏமாறப் போகிறவனை யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அவனே நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றுவிடுவான். நான் போய் நின்றது கோலாலம்பூரில் ஒரு செக்கண்ட் ஹேண்ட் கார் கடை வாசலில். பக்கத்தில் என் மச்சான் சேகர் நின்றான். சேகர் என் மனைவி மலரின் தம்பி. கார்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. (அவன் ஓட்டுவது கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்.)

உள்ளே அந்த வெள்ளைக் கார் நின்றது. இத்தாலிக்காரன் செய்தது. பெயரைச் சொல்லவில்லை, செய்தவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. என் இடுப்பு உயரம்கூட இல்லாத கார் அது. கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே எழும்பியது. சிரம்பான் பக்கம் ரஹாங்கில் ஏர்கான் பழுது பார்த்துப் பிழைக்கிற எனக்கு, அந்தக் கதவு எழும்பியபோதே அறிவு கீழே இறங்கிவிட்டது.

மீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருப்பதாகக் காட்டியது. இந்த மாதிரிக் கார்களை வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி உள்ளே விடுவதுதான் வழக்கம். முதல் சொந்தக்காரர் தினமும் இதில்தான் வேலைக்குப் போயிருக்கிறார். மீன் வாங்கவும் போயிருப்பார் போல, ஒரு மாதிரி வாடை வந்தது.

"இவ்வளவு ஓடியிருக்கே மச்சான்" என்றேன்.

"அதுதான் மச்சான் நம்ம லக்கு" என்றான் சேகர். "எறங்க வேண்டிய வெல எல்லாம் அந்த ஆளு தலையில எறங்கிடிச்சி. இனிமே எறங்க எடமே இல்லலா. ஆறு மாசம் ஓட்டுறோம், போட்ட காசுக்கு மேல விக்கிறோம். சூப்பர் காடிக்கு ரிசேல் வேல்யூ கொறையவே கொறையாது."

போட்ட காசு என்று அவன் எளிதாகச் சொன்னது எங்கள் வீட்டை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டையே எங்களுக்கு விற்க அதன் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். தீபாவளிக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. பத்து வருடச் சேமிப்பு பேங்கில் தயாராக இருந்தது. பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் மலர், அடுப்படிச் சுவரை எந்த இடத்தில் இடித்துப் பெரிதாக்குவது என்று பென்சிலால் கோடு போட்டே வைத்திருந்தாள். அந்தப் பணத்தைத்தான் நான் கேட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான், வரும்போது குட்டி போட்டு வரும் என்றேன்.

மலர் பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்குக் குட்டி வேணாங்க. போட்டது போட்டபடி தீபாவளிக்குள்ள திரும்பி வந்தா போதும்" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை எனக்குப் புத்தி வந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதிர்ச்சிகள்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு தொகையைச் சொல்வதற்கு முன் என்னை உட்காரச் சொன்னார். சாலை வரியான ரோட்டேக்ஸ் தொகையைப் பார்த்து, தவறுதலாக ஒரு வருடத்துக்குப் பதில் ஆயுள் முழுவதற்கும் போட்டுவிட்டார்களோ என்று கவுண்டரில் கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எண்ணெய் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் சொன்ன விலைக்கு என் பழைய வேனுக்கு எஞ்சினே மாற்றிவிடலாம். எங்கள் தெருவில் இருக்கிற மேட்டைத் தாண்ட முடியாமல் காரைப் பெரிய சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ராத்திரியெல்லாம் தூங்காமல் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே மாதத்தில் விற்றுவிடுவதென்று முடிவெடுத்தேன்.

இணையத்தில் விளம்பரம் போட்டதும் போன் ஓயாமல் அடித்தது. படத்தைப் பார்த்து உருகுவார்கள். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள். சொன்னதும் லைன் துண்டிக்கப்படும். ஒருவர் மட்டும் மரியாதையாக, "டாக்சியா ஓட்டுனீங்களா பாஸ்?" என்று கேட்டுவிட்டு வைத்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கடவுள் அனுப்பியது போல பகாவ் ஊர்த் தனபாலன் அண்ணன் போன் செய்தார். தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிகளுக்கு முதலாளி. மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வேண்டுமாம். மைலேஜைச் சொல்லிவிட்டு, லைன் துண்டிக்கப்படுவதற்காகக் காத்திருந்தேன்.

"ஒரு லட்சத்தி எம்பதுதானா? எங்கிட்ட எட்டு லட்சம் ஓடுன லாரி இன்னும் லோடு அடிக்குது தம்பி" என்றார். "வெல நீங்க சொன்னதே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம எங்க தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டாந்துருங்க. பூச முடிஞ்சதும் பேங்க் டிராப்ட்ட கையில குடுத்துர்றேன். பூச போடாத வண்டிக்கு நான் காசு குடுக்கிறதில்ல."

மலேசியாவிலேயே அந்த மைலேஜைக் கேட்டுச் சிரிக்காத ஒரே மனிதர் அவர். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். போனில் அது அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டிராப்டைத் தன் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. சேகர் மோட்டாரில் முன்னால் போனான். தார் ரோடு முடிந்து தோட்டத்துச் செம்மண் பாதை ஆரம்பித்ததும் காரின் அடிவயிறு பேசத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சத்தம் வந்தது. ஒரு மேட்டில் நடுவயிறு தட்டி, நான்கு சக்கரமும் தரையை மறந்து நின்றுவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் ஓடி வந்து பலகை போட்டுத் தூக்கிவிட்டார்கள். "அழகான காடி, ஆனா கால் இல்லையே" என்றார் ஒருவர்.

கோயில் வளவில் தனபாலன் அண்ணன் குடும்பத்தோடு நின்றிருந்தார். அவருடைய லாரி டிரைவர்களும் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆலைக்குப் போக வேண்டிய செம்பனைக் குலைகள் குவிந்து கிடந்தன. பூசாரி என்னிடம், "பூச முடியிறவரைக்கும் காடி ஒங்களுது. நீங்களேதான் ஏத்தணும்" என்றார். பிறந்தநாள் பையன் ஓட்டிப் பார்க்க ஆசையோடு நின்றான். அவன் அப்பா முறைத்ததும் ஒதுங்கிக்கொண்டான்.

நானும் லிங்கி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். வண்டிப் பூசை எனக்குப் புதிதல்ல. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம். அதோடு தோட்டத்து லாரிகளுக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. குங்குமம் திணித்த முழு வெள்ளைப் பூசணிக்காயை வண்டிக்கு முன்னால் வைப்பார்கள். முன்சக்கரம் அதன்மேல் ஏறி உடைக்க வேண்டும். பூசை தொடங்கிய பிறகு வண்டி பின்னால் நகரக் கூடாது. சின்ன வயதில் எத்தனையோ லாரி, டிராக்டர்கள் ஏறிப் பார்த்திருக்கிறேன். அதனால் பூசாரி பூசணிக்காயோடு காருக்கு முன்னால் குனிந்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்த வண்டிகளுக்கெல்லாம் சக்கரம்தான் முன்னால் வரும், இதற்கு மூக்குதான் முன்னால் வரும் என்பதை யோசித்திருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் எதிரில் ஆகாயம்தான் தெரியும், தரை தெரியாது என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

"வா வா வா, மச்சான்" என்று சேகர் இரண்டு கையாலும் அழைத்தான்.

மெல்ல நகர்த்தினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

"கொஞ்சம் பின்னாடி எடுக்கட்டுமா?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டேன்.

பூசாரி பதறிப்போனார். "பின்னால எடுக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆகாது. ஏத்துங்க."

லாரி டிரைவர்கள் ஒரே குரலில், "எண்ணெய அமுத்துங்க அண்ணே, எண்ணெய அமுத்துங்க" என்றார்கள். லாரியில் எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, அமுத்தினால் முதலில் புகை வரும், அப்புறம் யோசனை வரும், அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். நான் அந்தப் பழக்கத்தில் அமுத்திவிட்டேன்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். முதலில் வெடி போட்டது போல ஒரு சத்தம். பிறகு விலை உயர்ந்த ஏதோ ஒன்று முறியும் சத்தம். கண்ணாடி முழுக்கச் சிவப்பு. கார் கோயில் வளவைத் தாண்டிப் போய்ச் செம்பனைக் குலைக் குவியலில் தலையைப் புதைத்துக்கொண்டு நின்றது.

வெளியே பெண்கள் அலறினார்கள். கண்ணாடியில் அந்தச் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. மலர் எந்தப் பக்கம் நின்றாள் என்று நினைவுக்கு வரவில்லை. கதவைத் தள்ளினால், குலைகள் சரிந்து கிடந்ததால், அது மேலே எழும்ப மறுத்தது. மறுபக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து மண்ணில் விழுந்து எழுந்தேன். மலர் நின்றிருந்தாள். தலை முதல் கால் வரை சிவப்பு. அந்தக் கணத்தில் காரும் வீடும் பணமும் எல்லாம் நாசமாய்ப் போகட்டும், இவள் இருந்தால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். கையில் குங்குமமும் பூசணி விதையும் ஒட்டின.

"எனக்கு ஒன்னும் இல்ல" என்றாள். அப்புறம் என் தோளுக்கு மேல் காரைப் பார்த்தாள். "வீடு போச்சுங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். காரின் மூக்கு இரண்டாகப் பிளந்து தொங்கியது. பிளவுக்குள் பூசணிச் சதை. எஞ்சினிலிருந்து ஆவி வந்தது, அதில் நல்ல கூட்டு வாசனை அடித்தது.

சேகர் விடவில்லை. நேராகத் தனபாலன் அண்ணனிடம் போனான். "எலுமிச்சங்கா நசுங்கிடுச்சிங்க அண்ணே, பூசணிக்காவும் ஒடஞ்சிருச்சி. பூச முடிஞ்சிது. அப்படின்னா காடி இப்ப ஒங்களுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம் ஆசையாகவும் இருந்தது. தனபாலன் அண்ணன் பூசாரியைப் பார்த்தார். டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பெரிய பஞ்சாயத்தே நடந்தது. பூசணிக்காய் உடைந்தது உண்மை, ஆனால் எதனால் உடைந்தது என்பதுதான் வழக்கு. பூசாரி குனிந்து, சக்கரத் தடத்தையும் சிதறலையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சக்கரம் ஏறல. மூக்குதான் மோதியிருக்கு. பூச முடியல" என்றார்.

தனபாலன் அண்ணன் டிராப்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, என் தோளில் கைபோட்டார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மைலேஜ் எவ்வளவு வேணும்னாலும் ஓடட்டும் தம்பி, நான் கேக்கவே மாட்டேன். ஆனா பூசணிக்கா ஏறாத காடிக்கு ரிசேல் வேல்யூ ஏது?" என்றார். பிறகு எங்கள் எல்லாருக்கும் பொங்கல் கொடுக்கச் சொன்னார். சாப்பிட்டோம். மறுக்க எங்களுக்குத் தெம்பில்லை.

காரை ஏற்றிப் போக வந்த டோ லாரியின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் நானும் மலரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மன்னித்துவிடு என்றேன். வெகுதூரம் போனபிறகு, அவள் தன் தலைமுடியிலிருந்து ஒரு பூசணி விதையை எடுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அதன்பின் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் லாரி ஏர்கான் ரிப்பேரைப் பற்றி டிரைவரிடம் பேசிக்கொண்டு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

முன்மூக்குக்கு மெக்கானிக் சொன்ன விலையை இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கும் அதிர்ச்சி வரும். தீபாவளி வந்தது, போனது. வீட்டை வேறொருவர் வாங்கிக்கொண்டு எங்களைக் காலி செய்யச் சொன்னார். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வேறு வாடகை வீட்டுக்குப் போனோம். காரைக் கடைசியில் சிரம்பானில் ஒரு கல்யாணப் போட்டோ ஸ்டுடியோக்காரர் வாங்கினார். ஓடுமா என்று அவர் கேட்கவில்லை, எவ்வளவு ஓடியிருக்கிறது என்றும் கேட்கவில்லை. பிளந்த மூக்கின்மேல் பெரிய மாலையைப் போட்டு மறைத்து ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார். அவர் கொடுத்தது அதற்கேற்ற விலைதான்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலும் அந்தக் கார் இருக்கிறது. மலர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "இங்க பாருங்க, மாப்புள நம்ம அடுப்படி மேல சாஞ்சிருக்காரு" என்பாள். வீடே சிரிக்கும். சேகர் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான்.

போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு மலரே என்னை அந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனாள். காரோடு நின்று படம் எடுக்கத் தனிக் கட்டணமாம். பேரம் பேசாமல் கொடுத்தாள். கார்மேல் கையை ஊன்றி நின்றுகொண்டு, போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது என் காதில், "சொந்த வீட்டு வாசல்ல நிக்க வாடக குடுத்த பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள். அதில்தான் நான் சிரித்தேன், படத்தில் என் வாய் அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான்.

அதைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.