திமிங்கிலம் எங்கள் குலத்துக்கு ஆகாது

இந்த வருஷம் திமிங்கிலத்தைப் பார்த்தே தீருவது என்று தொம்போ வாத்தியார் முடிவு செய்தார். சும்மா எடுத்த முடிவு இல்லை. சோற்றுக் கிண்ணம் துள்ளும்படி மேஜையை ஓங்கித் தட்டி எடுத்த முடிவு.

இருபத்திரண்டு வருஷமாக ஃபெனுஅரிவு பள்ளிக்கூடத்தில் அவர் கரும்பலகையில் திமிங்கிலம் வரைகிறார். வால் எப்படி அடிக்கும், தண்ணீர் எப்படிப் பீய்ச்சும் என்று மேஜைமேல் படுத்து நடித்தே காட்டுவார். ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஜூலை பிறந்தால் போதும், பனிக்கடலிலிருந்து அத்தனை திமிங்கிலங்களும் பிரசவத்துக்குச் சேந்த் மரி தீவுக் கடலுக்கு வந்துவிடும். வயிற்றுப் பிள்ளையோடு அவை அவ்வளவு தூரம் வருகின்றன. வாத்தியாரால் வண்டியில் இரண்டு மணி நேரம், படகில் இரண்டு மணி நேரம் போக முடியவில்லை.

அந்தக் குறை தீரும் நேரம் வந்தது. அவருடைய பழைய மாணவன் பெசாரா இப்போது சொந்தமாக மோட்டார் படகு ஓட்டுகிறான். சனிக்கிழமை படகில் மூன்று இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி அனுப்பினான். திமிங்கிலம் தென்படும் இடமெல்லாம் நின்று நின்று போவான். பிறகு தீவில் அம்போதிஃபுதாச்சா ஊரில் கடலைப் பார்த்த அறையில் இரண்டு ராத்திரி.

வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேவாலயத்துப் பாடகர் தலைவரிடம் தொலைநோக்குக் கண்ணாடி இரவல் வாங்கினார். சமையல்கட்டுச் சுவரில் கரியால் தீவின் படம் போட்டார். அலையில் தலை சுற்றாமல் இருக்கப் பயிற்சி வேண்டுமென்று, உருளும் பீப்பாய்மேல் பலகை போட்டு அதில் ஏறி நின்றார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி நோரோ.

"கடலுக்குப் பழகறேன்."

"கடல்ல நிப்பீங்களா, உக்காருவீங்களா?"

"உக்காருவேன்."

"அப்ப எறங்கி உக்காந்து பழகுங்க. பீப்பாயில அரிசி இருக்கு."

அவளுக்கும் சந்தோஷம்தான். மேலே சுற்றிக்கொள்ளப் புது லம்பா துணி இரண்டு எடுத்து வைத்தாள். தேங்காய்ச் சோறு எப்போது வடிப்பது, எந்தக் கூடையில் வைப்பது என்று அவளும் திட்டம் போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மூணாவது இடத்துக்கு ஜோர்ஜெத்தைக் கூட்டிக்கலாம்."

வாத்தியாருக்குத் திக்கென்றது. ஜோர்ஜெத் அவளுடைய தங்கை. சந்தையில் கருவாடு விற்கிறவள். அவள் வாய் திறந்தால் எதிர்க்கடைக்காரி கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். அதுகூடப் பரவாயில்லை. அத்தானைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. 'இத்தனை வருஷம் படம் வரைஞ்சு ஏமாத்தினீங்களே அத்தான்' என்று படகு முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். வாழ்க்கையின் முதல் திமிங்கிலத்தை அவள் சிரிப்புச் சத்தத்தோடு பார்ப்பதா? கூடாது. இதை நோரோவிடம் சொல்வதா? அதுவும் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிப் பார்த்தார். ஒரு வாரம் அடிப்பிடித்த சோறுதான் கிடைத்தது.

தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல வேறு யாராவது வேண்டும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் தொண்டையைக் கனைத்தார்.

"நோரோ, ஜோர்ஜெத் வரக் கூடாதுன்னு நான் சொல்லல."

"நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"முன்னோர் சொல்றாங்க."

நோரோ அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "எந்த முன்னோர்?"

"எங்க முன்னோர்தான். அவங்க போட்ட தடை, எங்க வீட்டு ஃபதி. எங்க குலத்து ஆளு, பொண்டாட்டி வீட்டு ஆளோட ஒரே படகுல உக்காந்து திமிங்கிலம் பாக்கக் கூடாது. குலத்துக்கு ஆகாது."

"அப்ப நான்?"

"நீ என்னைக் கட்டிக்கிட்டு வந்தவ. எங்க குலக் கல்லறைக்கே வரப்போறவ. உனக்கு ஒண்ணும் இல்ல."

"மீறினா என்ன ஆகும்?"

"படகு கவுந்துடும்."

"யாருக்காவது கவுந்திருக்கா?"

"கொள்ளுத் தாத்தாவோட மச்சானுக்கு."

"அவர் பேரென்ன?"

"அவர்தான் முழுகிட்டாரே! பேரை யாரைக் கேக்கறது?"

நோரோ அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வாத்தியார் கூரையில் பல்லியைத் தேடினார்.

"சரிங்க," என்றாள். "முன்னோர் பேச்சுக்கு மேல பேச்சு உண்டா? ஜோர்ஜெத்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

இவ்வளவு சுலபமா? இந்த வித்தை இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று வாத்தியார் தன்னையே நொந்துகொண்டார். அப்போது நோரோ மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"எதுக்கும் நாளைக்கு மரோவவி அத்தையை ஒரு வார்த்தை கேட்டுடலாம். தெரியாம ஏதாவது தப்பு பண்ணிடக் கூடாதில்ல?"

வாத்தியார் மறுபடி கூரையைப் பார்த்தார். மரோவவி அத்தை அவருடைய அப்பாவின் அக்கா. குலத்தின் ஃபதி அத்தனையும் அவள் நாக்கு நுனியில். செவ்வாய்க்கிழமை வயலில் இறங்கக் கூடாது, ஆமை தின்னக் கூடாது, கல்லறையை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அவளே சாட்சி. பொய் என்று அவள் வாயிலிருந்து வந்தால் தொலைந்தார். மனைவியிடம் பொய் சொன்னால் மனைவியோடு போகும். முன்னோர் பெயரில் பொய் சொன்னவன் குலத்தையே கூட்டி, மாடு வெட்டி, தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வாத்தியாருக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் இருவரும் அத்தை வீட்டில் பாயில் உட்கார்ந்தார்கள்.

"அத்தை, திமிங்கில ஃபதி பத்திக் கேக்க வந்தோம்," என்றாள் நோரோ.

அத்தையின் வாயில் புகையிலை அசைவது நின்றது. வாத்தியார் வாசலைப் பார்த்தார். ஆனால் ஒன்று. மரோவவி அத்தை பிறந்ததிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. இந்த வயதில் ஆரம்பிப்பாளா?

"அதுவா?" என்றாள் அத்தை நிதானமாக. "அது பழைய ஃபதி ஆச்சே. ரொம்பப் பழசு. உனக்கு யாரு சொன்னா?"

"இவர்தான்."

"நல்ல பையன். இவனாவது மறக்காம வச்சிருக்கான்." அத்தைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஒரே படகு மட்டும் இல்லடி. ஒரே கரையில நின்னு பாத்தாலும் ஆகாது. முந்தின நாள் கோழி தின்னக் கூடாது."

"ஆமா, ஆமா, கோழி!" என்றார் வாத்தியார், உயிர் வந்தவராக.

"மீறினா யாரைத் தாக்கும் அத்தை?" என்று பணிவாகக் கேட்டாள் நோரோ.

"எங்க குலத்து ஆளைத்தான். வெளியாளுக்கு என்ன? எங்க முன்னோருக்கு அவங்க யாரோ, எவரோ."

"நல்லா நினைவு வச்சுக்கறேன் அத்தை."

அத்தை அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை குலத்து ஆட்களைக் கூட்டி, முன்னோருக்கு ரம் ஊற்றி, ஃபதியைச் சபையில் சொல்லியும் விட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு கிழவர்கள் தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள். வாத்தியார் பூரித்துப்போனார். வெள்ளிக்கிழமை வீட்டில் கோழிக் குழம்பு மணத்தது. அவர் தொடவே இல்லை. கீரையைத் தின்றுவிட்டு, பீப்பாய்மேல் கடைசியாக ஒரு முறை ஆடிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை. சுவானியரானா படகுத்துறை. வழியனுப்ப அவருடைய சித்தப்பா பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தார்கள். வாத்தியார் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கண்ணாடி தொங்க, எல்லோருக்கும் முன்னால் படகில் ஏறி உட்கார்ந்தார். சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் திமிங்கிலம். ஒரே ஒரு மணி நேரம்.

"அத்தான்! அந்த ஓரம் எனக்கு!"

திரும்பினார். ஜோர்ஜெத். கூடையும் கையுமாகப் பலகையில் நடந்து வந்து, தொப்பென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நோரோ! இவ எங்க இங்க? ஃபதி!"

"ஐயையோ, ஆமாங்க," என்று நோரோ பதறினாள். "சட்டுனு எறங்குங்க."

"அவளைச் சொல்லு!"

"அவ ஏங்க எறங்கணும்? ஃபதி உங்க குலத்துக்குத்தானே? அவளுக்குத் திமிங்கிலத்தோட என்ன பகை?"

"நான்தான் போகணும்னு திட்டம் போட்டேன்!"

"திட்டம் போட்டது நீங்க. தடுக்கிறது முன்னோர். நான் என்னங்க பண்ணுவேன்?"

கரையிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் நாலு பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்: "அண்ணே, எறங்குண்ணே! குலத்துக்கு ஆகாது!"

எல்லாம் பொய் என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். நாலு பேர் முகத்தையும் பார்த்தார். வெட்ட வேண்டிய மாட்டை நினைத்தார். வாயை மூடிக்கொண்டு இறங்கினார்.

"சார், ஒரு இடம் காலியா இருக்கே," என்றான் பெசாரா.

"அம்மா!" என்று கூப்பிட்டாள் நோரோ.

டிக்கெட் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மாமியார் வெளியே வந்தாள். மிதவைச் சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் போல. "அந்தக் கண்ணாடியைக் குடுங்க மாப்ளே, எனக்குக் கண்ணு மங்கல்," என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

படகு கிளம்பியது. ஆற்றுமுகம் தாண்டுவதற்குள் கரையில் நின்றவர்கள் "ஹோ! திமிங்கிலம்!" என்று கூவினார்கள். வாத்தியார் பார்க்கத் திரும்பினார். நாலு தம்பிகளும் ஓடி வந்து அவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்கள். ஒரே கரை, ஒரே படகு, எல்லாம் ஒன்றுதானாம். எவ்வளவு பெரியது என்று கேட்டார். அவர்களும் கடலுக்கு முதுகு காட்டித்தான் நின்றிருந்தார்கள்.

திங்கட்கிழமை நோரோ வெயிலில் கறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "ஏழு பாத்தோம். ஒண்ணு குட்டியோட. அம்மா அழுதுட்டாங்க. நீங்க நடிச்சுக் காட்டுவீங்களே, அப்படியேதான் இருந்துச்சு."

வாத்தியார் சுவரில் போட்ட தீவுப் படத்தைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும் நோரோ?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. கல்யாணமாகி வந்த முதல் நாள் உங்க அத்தை எனக்குப் பதினோரு ஃபதி சொல்லி ஒப்பிக்க வச்சாங்க. அதுல திமிங்கிலம் இல்ல."

"தெரிஞ்சா அப்பவே சொல்லக் கூடாதா?"

"உங்க முன்னோர் பேசறப்ப நான் குறுக்க பேசலாமாங்க?"

பாவம், அவர் பீப்பாய்மேல் உட்கார்ந்தார். "சரி, அடுத்த வருஷம் நீயும் நானும் மட்டும் போவோம்," என்றார் ஆசையாக.

"போகலாம்தான்," என்றாள் நோரோ, கூடையிலிருந்து ஈரத்துணியை எடுத்து உதறிக்கொண்டே. "ஆனா அடுத்த வருஷத்துக்கு அம்மாவும் ஜோர்ஜெத்தும் பெசாராகிட்ட இப்பவே இடம் சொல்லிட்டு வந்துட்டாங்களே."