நல்லவன் சான்றிதழ்

நல்லவன் சான்றிதழ் வழங்குபவர் என்றொரு இனம் உண்டு. இவரை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை. எந்தப் பெண்ணாவது தன் வீட்டுக்காரனைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், தாமாகவே வந்துவிடுவார். முத்திரை, கையெழுத்து எதுவும் கிடையாது. "என்கிட்ட நல்லாத்தானே பழகுறான்!" அவ்வளவுதான் சான்றிதழ்.

மினசோட்டாவில் எங்கள் தெருவுக்கு இந்தப் பதவியை வகித்தவர் மார்லிஸ் அம்மாள். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, முழங்கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கூடிப் பேசும் சர்ச் காபியின்போது யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டார். மற்றவர் பேசத் தொடங்கினால் கேக்கைத் தட்டில் வைத்து வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய உச்சபட்ச சான்றிதழ் எதிர்வீட்டு கர்ட்டிஸுக்கு. ஏன் கிடைக்காது? பனி கொட்டிய காலையெல்லாம், வேலைக்குப் போகுமுன், பனி தள்ளும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, மார்லிஸ் வாசல், பக்கத்து வாசல், அதற்கடுத்த வாசல் என்று ஆறு வீட்டுக் கார்ப்பாதையையும் வழித்துவிட்டு, நன்றி சொன்னால் வெட்கப்படுகிறவன். எங்கள் பக்கத்தில் பனி தள்ளித் தருபவனிடம் யாரும் குறை காண்பதில்லை.

அவன் மனைவி ரெனே சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினாள். "குளிர் ஒத்துக்கல போல" என்றார் மார்லிஸ். அவள் கையில் கைபேசி இல்லாமல் போயிற்று. "சிக்கனமான பொண்ணு!" மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்தது. "பனியில வழுக்கி விழாதவங்க யாரு?" இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கைவசம் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை கர்ட்டிஸ் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் கதவைத் திறந்து, "உன் பொண்டாட்டி கார் மேலயும் பனி கிடக்கே, தம்பி" என்றார்.

"அவ எங்க போகப்போறா? நீங்க உள்ள போங்கம்மா, குளிருது" என்று சிரித்தான் அவன். மார்லிஸும் சிரித்தார். என்ன கரிசனமான பிள்ளை!

அவன் டிரக் தெருமுனை திரும்பியதும், முழங்கால் பனியை மிதித்துக்கொண்டு ரெனே வந்து மார்லிஸின் சமையலறையில் நின்றாள்.

"என்னை டுலூத்ல எங்க அக்கா வீட்டுல விடமுடியுமா? அவர் அடிக்கிறாருங்க. இன்னிக்கே போகணும்."

மார்லிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? "எதுக்கும் ரெண்டு பக்கமும் கேக்கணும் இல்லையாம்மா? நான் அவன்கிட்ட பக்குவமா ஒரு வார்த்தை..." என்றபடி போனை எடுத்தார்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னால எப்பவுமே போகமுடியாது."

போனும் கையுமாக மார்லிஸ் ஜன்னல் வழியே பார்த்தார். ஆறு வாசல்கள் பளிச்சென்று இருந்தன. எதிர்வீட்டில் அவன் டிரக்குக்கு மட்டும் ஒரு தடம். அதன் பக்கத்தில் ரெனேயின் கார் கூரைவரை புதைந்து கிடந்தது. தானாக விழுந்த பனி மட்டுமல்ல, தள்ளி எடுத்ததையெல்லாம் அதன் பின்னால் ஆளுயரத்துக்குக் குவித்து வைத்திருந்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் பனியிலேருந்து."

நவம்பர்! தினமும் இதே ஜன்னலில் நின்றுதான் அவனுக்குக் கையசைத்திருக்கிறார். மார்லிஸுக்கு அவமானமாக இருந்தது. போனை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

"கோட்டை மாட்டு. நீ சொல்றதை நான் நம்புறேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்." சர்ச் காபிக்கு இது பேரிழப்பு.

மார்லிஸின் கார் ஓரிடத்திலும் சறுக்காமல் தெருவில் இறங்கியது. பாதையை அத்தனை சுத்தமாக வழித்து வைத்திருந்தான் கர்ட்டிஸ்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக, "சே, அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை" என்று நீங்கள் சொன்னது யாரைப் பற்றி? உங்கள் வாசலைப் பார்த்துச் சொன்னீர்களா, அவன் வீட்டு வாசலைப் பார்த்துச் சொன்னீர்களா?