ஏக்கருக்கு ஆயிரம் நல்லது

மிளகாய்த் தோட்டத்தில் நல்ல பாம்பு வளர்க்கச் சொல்லி அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் இந்த மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், இன்னும் நாலு சேர்த்துச் சொல்லுவாள்.

முதலில் ஒரு விளக்கம். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாம்பைப் பாம்பு என்று சொல்லவே யோசிப்பார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்து நிற்குமாம். அதனால் 'பூச்சி' என்பார்கள். அதுவே நல்ல பாம்பாக இருந்தால் சுருக்கமாக 'நல்லது'. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பல்லியை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாது.

தெரியாததோடு எனக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. ஊர்வன, நீர்நில வாழ்வன எதைப் பார்த்தாலும் படம் எடுத்துக் குறித்து வைப்பேன். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் வேளாண்மை அலுவலராக வேலை கிடைத்தபோது நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஐப்பசி மழைக்கு வந்து சேர்ந்தேன். குளியலறையிலேயே இரண்டு தேரைகள் குடியிருந்தன. கண்மாய்க் கரையில் தவளை, வேலியில் ஓணான், செங்கல் அடுக்கில் அரணை, கருவேல மரத்தில் பச்சோந்தி. ஒருநாள் படத்தில் உடும்பின் வால் மட்டும் கிடைத்தது (உடும்பு அதற்கு முன்னால் போய்விட்டது).

பாம்பு மட்டும் வரவில்லை. ஐந்து மாதம்! விவசாயிகளுக்கு உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வாய்க்காலுக்குள் போகும். ஒரு இடத்தில் உட்கார முடியாது. கல்லைப் புரட்டுவேன், ஓலையைத் தூக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சிமடம் வரை போய்த் தாழம்புதரைக் கிளறினேன். "என்ன தம்பி தொலைச்சீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "பாம்பு தேடுறேன்" என்றேன். அவர் வேறு பாதையில் போய்விட்டார்.

"பாம்பைப் பார்த்தா உடனே எனக்குப் போன் போடுங்க" என்று ஊர் ஊராக நம்பர் கொடுத்திருந்தேன். ஒருவரும் பாம்புக்காகப் போன் செய்யவில்லை. பூச்சிக்குத்தான் போன் மேல் போன். வைக்கோல் படப்பில் பூச்சி, மோட்டார் ரூமில் பூச்சி. எல்லோரையும் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொன்னேன்.

மாசி மாதம், மிளகாய் பழுத்து நிற்கிற நேரத்தில் கருப்பையா அண்ணன் கூப்பிட்டார்.

"சார், தோட்டத்துல பூச்சி கெடக்கு. நல்லதா இருக்குமோன்னு தோணுது. வீட்டுக்காரி பழம் பறிக்க உள்ள எறங்க மாட்டேங்குறா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று கல்லூரியில் நான்கு வருடம் படித்ததை ஒரு விவசாயி தானாகவே பிரித்துச் சொல்கிறாரே!

"நல்லதுன்னா ஏன் கவலைப்படுறீங்க? மருந்து எதுவும் அடிச்சிடாதீங்க. அது பாட்டுக்குப் பெருகட்டும்."

"பெருகட்டுமா?"

"ஏக்கருக்கு ஆயிரம் இருந்தாலும் நல்லதுதான்."

"ஆயிரமா சார்?"

"வெளியில இருந்து வாங்கிட்டு வந்து விடுறவங்க இருக்காங்க. உங்களுக்குத் தானா வந்திருக்கு!"

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "இன்னிக்கி வரப்புல நெளிஞ்சு போச்சு சார்."

"புழுவா இருக்கும்போது நெளியத்தான் செய்யும்" என்றேன். (நீளம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.) "புதன்கிழமை கூட்டத்துக்குப் பெரிய அதிகாரி வர்றார். ஒன்னைப் பிடிச்சு டப்பாவுல போட்டு உயிரோட கொண்டு வாங்க."

"நானா புடிக்கவா?"

"கையாலயே பிடிக்கலாம்ணே. உங்களை ஏன் கடிக்கப் போகுது?"

புதன்கிழமை ஷாமியானா போட்டு, மேலதிகாரிக்கு டீ கொடுத்து உட்கார வைத்திருந்தோம். கருப்பையா அண்ணன் மொபெட்டில் பெயிண்ட் வாளியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். காற்றுப் போக மூடியில் ஓட்டை போட்டிருந்தார். அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் மனைவி முத்திருளாயி அக்கா மினிபஸ்ஸில் வந்திருந்தார்.

"காலையில தானா வாளிக்குள்ள போயிப் படுத்துருச்சு சார். கண்ண மூடிக்கிட்டு மூடியப் போட்டுட்டேன்."

"ஒன்னுதானா?" என்றேன்.

"ஒண்ணே போதும் சார்."

சட்டைப் பையில் லென்ஸ், ஒரு கையில் வீடியோ ஓடும் போன். வாளியை மேசைமேல் வைத்து, "நம்ம விவசாயிங்க இப்போ நல்லதையும் கெட்டதையும் அவங்களே கண்டுபிடிச்சிடுறாங்க சார்" என்று பெருமையாகத் தொடங்கினேன். "நல்லதா?" என்று ஒரு குரல் கேட்டது. முன்வரிசை மொத்தமும் எழுந்து பின்னால் போனது. அதிகாரிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

ஒரு தலை எழும்பி என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. வருகைப் பதிவேட்டின் மேல் ஏறி, டீ கிளாஸைத் தள்ளி, ஆறடி நீளத்துக்கு ஒரு பாம்பு அதிகாரியின் பக்கமாக இறங்கியது. ஐந்து மாதமாகப் பாம்புக்காகத் தவம் கிடந்த நான் நாற்காலியில் ஏறி, அது போதாமல் மேசையில் ஏறி, "கோப்ரா! கோப்ரா! படமெடுக்குது!" என்று கத்தினேன்.

"ஏலே, சாரைடா அது! ஆரும் அடிச்சிராதீக, போகட்டும்" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். பாம்பு யாரையும் சட்டை செய்யாமல் கருவேலங்காட்டுக்குள் போனது. போனில் பதிவானது என் முழங்காலும் 'அம்மா' என்ற அலறலும்தான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூச்சி என்றால் என்ன, நல்லது என்றால் என்ன என்பதை அதிகாரிக்கு விளக்கினார்கள். மேசைமேல் நின்றபடி நானும் கேட்டுக்கொண்டேன். சிரிக்காதவர் முத்திருளாயி அக்கா ஒருவர்தான்.

"பத்து நாளாப் பழம் செடியிலயே கெடந்து வெம்புது. ஒரு வழி சொல்லுவீகன்னு ஒங்களக் கேட்டா, வளக்கச் சொல்றீக. நான் காலு வைக்கிற எடம் சார் அது."

அவர் காலைப் பார்த்தேன். செருப்புக்கூட இல்லை. நான் ஒரு படத்துக்காக ஏங்கிய அதே உயிருக்குப் பயந்து ஒரு பெண் பத்து நாளாகத் தன் விளைச்சலை வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. மேசையிலிருந்து இறங்கவே மனமில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாள் லீவு போட்டேன். கையில் கம்போடு பாத்திக்குப் பாத்தி தரையைத் தட்டிக்கொண்டு நான் முன்னால் போக, அக்கா பின்னால் பழம் பறித்தார். என் பூட்ஸை அவருக்குக் கொடுத்தேன். பெரிதாக இருக்கிறது என்று கருப்பையா அண்ணன் போட்டுக்கொண்டார். பாம்பு எதுவும் வந்துவிடக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். வரவும் இல்லை. கடைசிச் சாக்கைத் தைத்த பிறகுதான் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதிலிருந்து பூச்சி என்று யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி, "கால் இருக்கா?" என்பதுதான்.

போன வருடம் அக்காவிடமிருந்து ஒரு போன். "சார், வீட்டுல நல்லது வச்சிருக்கோம்..."

"கிட்டப் போகாதீங்க!" என்று அலறினேன். "எல்லாரும் வெளிய வாங்க! கால் இருக்கா, பார்த்தீங்களா?"

"மக கல்யாணம் சார். மாப்பிள்ளைக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு."

குடும்பத்தோடு போயிருந்தோம். மேடையில் ஏறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தேன். அந்தப் பையன் கையை விடாமல், பட்டு வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் மெதுவாகத் தூக்கிக் காட்டி, "எண்ணிக்கங்க சார்" என்றான்.