தூங்கிய செடிக்குக் கண்ணீர் அஞ்சலி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீதிப் பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

ஒரு காட்டில், மலைச்சரிவில், வெள்ளையம்மா என்றொரு கரடி இருந்தாள். ஆள் கன்னங்கரேல். ஸ்ட்ராபெரி என்றால் உயிரை விடுவாள். பிறத்தியார் தோட்டத்தில் திருடி அடிவாங்கி அலுத்துப்போய், சொந்தத் தோட்டம் போடலாமென்று கூரியரில் நாற்று வரவழைத்தாள்.

இலை இல்லை, பச்சை இல்லை, வெறும் வேர்க்கொத்து. உறக்கத்திலிருக்கும் நாற்று அப்படித்தான் இருக்குமென்று அவளுக்குத் தெரியும். உறைபனி விலகும்வரை ஈரச்சாக்கில் சுற்றிக் குகையின் குளிர்ந்த மூலையில் வைத்தாள். சூடு பட்டால் அகாலத்தில் விழித்து நிஜமாகவே செத்துப்போகும்.

பக்கத்துப் புதர் நரி தவமணி எட்டிப் பார்த்தான்.

"சாக்குல என்னக்கா?"

"செடி, தம்பி. தூங்குது."

நரி வேரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஆமாக்கா, தூங்குது," என்றான், இழவு வீட்டுக் குரலில்.

சாயங்காலத்துக்குள் காட்டு வாட்ஸ்அப் குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' வரிசைகட்டியது. மறுநாள் குகை வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். செடிகளின் படம் நகத்தளவு, கைகூப்பிய நரியின் படம் ஆளுயரம். காடே துக்கம் விசாரிக்க வந்து குகைக்குள் உட்கார்ந்தது. டீக்கு அடுப்பும் மூட்டினார்கள்.

"அடுப்பை அணைங்க, செடி முழிச்சிரும்," என்று வெள்ளையம்மா கெஞ்சினாள். "அதுக்கு உயிர் இருக்கு."

"இருக்கும்மா, நம்ம நெனப்புல இருக்கு," என்று மந்தி அவள் தலையைத் தடவினாள்.

சாக்கைத் தொட்டால் வெதுவெதுப்பு. இனிப் பொறுத்தால் அத்தனையும் போச்சு. நல்லவேளை, உறைபனி விலகியிருந்தது. வேரைத் தண்ணீரில் ஊறவைத்தாள்.

"குளிப்பாட்டுறா," என்று கூட்டம் கிசுகிசுத்தது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். "எடுத்துட்டாங்கப்பா," என்று நரி சங்கு ஊதிக்கொண்டு முன்னால் போனான்.

குழியில் வேரை விரித்து இறக்கியதும், ஆளுக்கொரு பிடி மண் போட முண்டினார்கள். குருத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், மூடினால் அழுகிவிடும். காட்டெருமையின் ஒரு பிடி என்பதோ ஒரு கூடை.

"குருத்துல போடாதீங்க," என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் வெள்ளையம்மாவுக்குப் புத்தி வந்தது. குழியோரம் விழுந்து ஓவென்று அழுதாள். "எம் புள்ளைங்க முகத்தை மூடாதீங்க சாமி, நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அத்தனை கையும் நின்றது. காட்டெருமை மூக்கை உறிஞ்சியபடி, குருத்தை விட்டு, வேரைச் சுற்றி மட்டும் மண்ணை அணைத்துக் குளம்பால் பதமாக அழுத்திவிட்டான். கூலி கொடுத்தாலும் அப்படி நட்டுத்தர மாட்டார்கள். மந்தி பால் தெளிக்க வந்தாள். "அதுங்களுக்குப் பால் ஒத்துக்காது, தண்ணி ஊத்துங்க," என்றாள் தாய்.

தளிர்த்தது, பூத்தது, சிவக்கச் சிவக்கப் பழுத்தது. நரி டப்பாவோடு வந்து நின்றான்.

"அக்கா, நானும் மண்ணு போட்டவன்தான். எனக்கும் பங்கு உண்டுல்ல?"

அதுகள் சாகவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்றே. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, பேயா வந்திருக்குதுங்க. மண்ணைப் போட்டது யாருன்னுதான் ராத்திரியெல்லாம் கேக்குதுங்க."

நரி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினான். பழம் பறித்துப் போட அவளுக்கு அந்த டப்பா தோதாக இருந்தது.

நீதி: உயிர் இருக்கிறது என்று சொன்னால் ஊர் பாடை கட்டும், பேய் என்று சொல், பழம் முழுக்க உனக்கே.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். நரி வீட்டு வழியாகத்தான் நான் தினமும் போய்வர வேண்டியிருக்கிறது.