வட்டமும் பட்டமும்

பதினெட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் அதில் நாலைந்தாவது டி.வி.க்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற விஷயம் பாடப்புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முதியோர் இல்லத்தின் பொதுக்கூடத்தில் இடுப்பில் கைவைத்து நின்றபடி சூப்பர்வைசர் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்த அதே நிமிஷத்தில் கண்டக்டரய்யா உள்ளே வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். இடது கக்கத்தில் இடுக்கிய பேப்பரைப் பார்த்தால் இன்னமும் அங்கே ஒரு தோல்பை தொங்குவது போலவே இருக்கும்.

"என் சீட் எங்கம்மா?"

"அதோ இருக்குங்கய்யா. கதவுலேர்ந்து மூணாவது."

கண்டக்டரய்யா போய் உட்கார்ந்தார். எதிரே சுவர்க் கடிகாரம் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் டி.வி. செய்தி வாசித்தது.

"இனிமே நியூஸை நான் காதாலதான் பாக்கணுமா?"

"ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசலாமேன்னுதாங்கய்யா இந்த ஏற்பாடு."

"இவங்க மூஞ்சியை மூணு வேளையும் சாப்பாட்டு மேஜையில பாத்துட்டுத்தானேம்மா இருக்கேன்."

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அந்த இல்லத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. யாருக்கு மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுத்தால்தான் இறங்கும், யாருக்குக் குளியலறைக் கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும், யாரிடம் மகனைப் பற்றி விசாரிக்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வருஷக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் மேனேஜரின் இடத்துக்கு வர இந்த அத்துப்படி போதாதாம். சுகாதார, சமூகப் பராமரிப்பு மேலாண்மையில் ஒரு பட்டம் வேண்டுமாம். இல்லையென்றால் வெளியிலிருந்து பட்டத்தோடு ஒருவர் வருவார். யாருக்கு எந்த மாத்திரை என்று அவளிடமே கேட்டுக்கொண்டு அவளுக்கு மேலே உட்காருவார்.

அஞ்சல் வழியில் சேர்ந்தாள். மூன்று வருஷம் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துப் படித்து, ஒரே ஒரு பாடம் தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ‘மாற்ற மேலாண்மை’. இதற்குப் பரீட்சை கிடையாது. வேலை செய்யும் இடத்தில் ஒரு சின்ன மாற்றத்தைக் கொண்டுவந்து, மூன்று வாரம் கவனித்து, அறிக்கை எழுத வேண்டும். பேராசிரியர் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். இதில் கோட்டைவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். மேனேஜர் வேலை அதுவரை அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

பொதுக்கூடத்தில் நாற்காலிகள் பஸ் நிலையத்தில் கிடப்பது போலச் சுவரோரமாக வரிசையாகக் கிடந்தன. முகம் பார்த்து உட்கார்ந்தால் முதியவர்கள் கலகலப்பாக இருப்பார்கள் என்று நாலாவது அத்தியாயம் சொன்னது. நாலு நாள் முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாள். எல்லாரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே இருபது வருஷம் கட்டி ஆண்ட பெரிய டீச்சர் மட்டும் பேனாவை எடுத்து அறிவிப்பிலிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்தினார். அவ்வளவுதான்.

"இவ்வளவு சுலபமான புராஜெக்ட் எங்க செட்டுல யாருக்கும் அமையலை" என்று அன்றைக்கு வீட்டில் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது கண்டக்டரய்யா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டி.வி.க்கு நேர் எதிரே போய்ப் போட்டார். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் மறைக்குது என்றார். அவர் நகர, அவருக்குப் பின்னால் இருந்தவர் நகர, பத்து நிமிஷத்தில் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது.

அவள் யோசித்து அரைவட்டமாக மாற்றினாள். எல்லாருக்கும் டி.வி. தெரிந்தது. முகமும் பாதி தெரிந்தது. அப்பாடா என்று அலுவலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"என்னை எதுக்கும்மா ஓரத்துல தள்ளிட்டே?"

"ஓரம்னா யாராவது ஒருத்தர் இருந்துதானே ஆகணும் டீச்சர்?"

"அந்த ஒருத்தர் ஏன் நானா இருக்கணும்னுதான் கேக்கறேன். பொறுமையா பதில் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

சுழற்சி முறை என்று அவள் முடிவு செய்தாள். தினமும் ஒவ்வொருவரும் ஒரு இடம் வலப்பக்கம் நகர வேண்டும். யாரும் எப்போதும் ஓரத்தில் இருக்க மாட்டார்கள். புதன்கிழமை காலை கண்டக்டரய்யா பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, பதினெட்டுச் சீட்டுகள் கிழித்து, வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. ஏழாம் நம்பர், உங்க இடம் முன்னாடி."

அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பத்தரை மணிக்கு இரண்டு பேர் ஏழாம் நம்பர் சீட்டை நீட்டிக்கொண்டு ஒரே நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும் வரை.

ஜன்னலோரமாக எப்போதும் துணி தைத்துக்கொண்டிருக்கும் தையலம்மா அந்தச் சண்டையில் சேரவில்லை. அவர் எந்தச் சண்டையிலும் சேருகிற ஆளில்லை. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும், அதனால் ஜன்னலை விட்டு நகர முடியாது என்று மட்டும் சொன்னார். பதினேழு பேர் வலப்பக்கம் நகர, ஒருவர் நகராமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தபோது அவளுக்குத் தலை சுற்றியது.

ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டினாள். சம்பந்தப்பட்டவர்களை முடிவெடுப்பதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. ஐந்து பேர் கொண்ட நாற்காலிக் குழு அமைத்தாள். பெரிய டீச்சர் தலைவர். முதல் கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. ‘நாற்காலி’ என்பது கை வைத்ததா, கை வைக்காததா என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போயிற்று. மறுநாள் குழுவில் இடம் கிடைக்காதவர்கள் கண்டக்டரய்யா தலைமையில் இன்னொரு குழு தொடங்கினார்கள். இரண்டு குழுவும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டன. எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் சூப்பர்வைசர் தலையில் விழுந்தது.

நேரில் பேசத்தான் தயக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு ஆலோசனைப் பெட்டி வைத்தாள். பதினெட்டு பேர் இருக்கும் இடத்தில் இரண்டு நாளில் நாற்பத்தொரு சீட்டுகள் விழுந்தன. அதில் ஒன்பது, பெட்டி வைத்த இடம் சரியில்லை என்பவை. ஒன்றில் அழகான கையெழுத்தில், ‘நாற்காலிகளுக்குப் பதிலாகச் சூப்பர்வைசரைச் சுழற்சி முறையில் மாற்றிப் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது வார ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அவள் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகள் கம்ப்யூட்டரில் அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ‘எதிர்கொண்ட சிக்கல்கள்’ மட்டும் இருபத்தாறு பக்கம் போயிடுச்சு. ‘கிடைத்த பயன்கள்’ கீழ என்ன போட?"

அவள் நெடுநேரம் யோசித்தாள்.

"நாற்காலியை நகர்த்தினதுல காணாமப்போன மூக்குக்கண்ணாடி ரெண்டு கிடைச்சுதுன்னு போடு."

கணவன் தரையில் உட்கார்ந்து தன் ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்டா இருந்தா ஒரு தடவை நிறுத்திட்டு மறுபடி போட்டுப் பாக்கலாம்" என்றான். "பழையபடி சுவரோரமா போட்டுடேன். இந்த மாற்றம் எடுபடலைன்னு உள்ளதை எழுதிடு."

"எடுபடலைன்னா மார்க்கு எப்படிங்க எடுபடும்? பத்தொன்பது வருஷமா ஒரு இடத்துல இருக்கேன். பதினெட்டு நாற்காலியை ஒழுங்காப் போடத் தெரியலைன்னா எனக்கு எதுக்கு மேனேஜர் வேலை?"

 மகள் அடிப்பதை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுபடியும் திங்கட்கிழமை. நாற்காலிகளைப் பழையபடியே சுவரோரம் போட்டுவிடப் போவதாகக் காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தாள். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். 

"எங்களைக் கேக்காமயா?" என்றார் பெரிய டீச்சர்.

"குழு எதுக்கும்மா இருக்கு?" என்றார் கண்டக்டரய்யா. வாழ்க்கையிலேயே முதல்முறையாக இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்றன.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் வந்தார். நடக்கும்போது ஷூ கீச்கீச்சென்றது. சூப்பர்வைசர் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, அறிக்கையின் முதல் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனாள். கூடத்துக் கதவைத் திறந்தாள்.

பதினேழு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பதினேழு முதுகுகள். தையலம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் அதுவும் முதுகுதான்.

"இது என்ன ஏற்பாடுங்க?" என்று பேராசிரியர் மெல்லக் கேட்டார்.

"எதிர்ப்புங்க சார்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

பேராசிரியர் நோட்டைத் திறந்தார். கண்டக்டரய்யா சுவரைப் பார்த்தபடியே முதல் நாளிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னார். பெரிய டீச்சர் நடுநடுவே தேதிகளைத் திருத்தினார். ஒரு கட்டத்தில் கை வைத்த நாற்காலிப் பிரச்சினை மறுபடி கிளம்பி, இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே வாக்குவாதம் செய்தார்கள். பேராசிரியரின் பேனா நிற்கவே இல்லை. ஒவ்வொரு வரியும் தன் மார்க்கிலிருந்து வெட்டிக்கொண்டு போவது போலிருந்தது அவளுக்கு.

என்ன செய்வதென்று தெரியாத ஒரு கணத்தில், மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய், கண்டக்டரய்யாவுக்கும் பெரிய டீச்சருக்கும் நடுவில் போட்டு, அவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வாரமா நானே யோசிச்சு, நானே மாத்தி, நானே சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.  "குழுவும் பெட்டியும் வெச்சேனே தவிர, உங்களுக்கு எங்க உக்காந்தா நல்லா இருக்கும்னு ஒருத்தரையும் நேரா கேக்கலை. இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

 கண்டக்டரய்யா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வாசல் தெரியணும்மா. யார் ஏறுறாங்க, யார் இறங்குறாங்கன்னு பாத்தாத்தான் எனக்குப் பொழுது போகும். டி.வி.யெல்லாம் சும்மா."

பெரிய டீச்சர் சுவரைவிட்டு முகத்தைத் திருப்பினார். "எனக்குப் பேச ஆள் வேணும். ஆனா மூணு பேருக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல போனா வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுடுவேன்."

அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே ஆகாது. ஐந்து பேருக்கு நிஜமாகவே டி.வி. வேண்டும். இன்னொருவருக்கு டி.வி. காதில் விழாத இடமாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் சரி. அவள் எழுந்து ஒவ்வொரு நாற்காலியாக நகர்த்தினாள். பேராசிரியரும் நோட்டை வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். வாசலருகே மூன்று, ஜன்னலோரம் நாலு, டி.வி.க்கு முன்னால் ஐந்து, மீதி புத்தக அலமாரிப் பக்கம். மொத்தமே பதினைந்து நிமிஷ வேலை. வட்டமும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் கூடம் கல்யாண வீடு மாதிரி இரைய ஆரம்பித்தது.

பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் கீச்கீச்சென்று நடந்து போய்விட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கீச்கீச் அவள் காதிலேயே இருந்தது.

மூன்றாவது வாரத்தில் மிச்சமிருந்த நாட்கள் சத்தமில்லாமல் ஓடின. அறிக்கையை அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது செல்போனில் முடிவு வந்தது. அந்த வருஷத்து மாணவர்களிலேயே முதல் மதிப்பெண். கீழே பேராசிரியரின் குறிப்பு: ‘எதிர்ப்பை மறைக்காமல் இவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்ட அறிக்கையை நான் இதுவரை படித்ததில்லை.’ அவள் வண்டியை நடு வராந்தாவில் விட்டுவிட்டு, அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சரியான நேரத்துக்கு எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தாள்.

மறுநாள் மாலை பெரிய கேக் ஒன்று வாங்கி வந்தாள். கணவனும் மகளும் கூட வந்தார்கள். ஓய்வு பெறப்போகும் மேனேஜர், தன் மேஜைச் சாவி எந்தப் பூட்டுக்கு எது என்று அன்றைக்கே அவளிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. கண்டக்டரய்யா வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் ‘உள்ள போங்க’ என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவள் கேக்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியாக ஜன்னலோரத்துக்கு வந்தாள்.

"என் படிப்புக்காக உங்களையெல்லாம் ரொம்பப் படுத்திட்டேன்மா. பெரிய டீச்சரும் கண்டக்டரய்யாவும் எவ்வளவு கோபப்பட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இன்னும் மேல ஒரு பட்டம் இருக்காம், சேரலாமான்னு யோசிக்கறேன். ஆனா இப்படி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன்."

தையலம்மா கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைத் துணியில் பத்திரமாகக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தாராளமா சேரும்மா, போன வருஷம் இதே பாடம் எடுத்த நம்ம நர்ஸ் பொண்ணு சொன்னதுக்கெல்லாம் நாங்க சரி சரின்னு தலையாட்டப் போயி, சிக்கலே வராத திட்டத்துல என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டு அவளை ஃபெயில் பண்ணிட்டாங்க, அதனால அடுத்த பாடத்துக்கு என்ன மாதிரி சண்டை வேணும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு, டீச்சரும் கண்டக்டரும் ஒத்திகை பாக்க நேரம் வேணும்."